அயல்நாட்டில் தீபாவளி: மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு பாடம்



நம் பிள்ளைகள் கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்வது இன்று அரிய செய்தி அன்று. பட்டப் படிப்புக்காகச் செல்வோர் ஒருபுறம் இருக்க, மாணவர் பரிமாற்றத் திட்டங்களின் வழியாக ஒரு பருவமோ ஓராண்டோ அயல்நாட்டில் தங்கிக் கற்று மீள்வோரும் உளர். ரோட்டரி சங்கங்கள் நடத்தும் இளையோர் பரிமாற்றத் திட்டம் பள்ளிப் பருவத்து மாணவர்களையே அனுப்புகிறது. அங்ஙனம் செல்லும் மாணவன் விடுதியில் தங்குவதில்லை; அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் இல்லத்தில் அவர்களுள் ஒருவனாக வாழ்கின்றான். அவர்கள் உண்ணும் மேசையில் உண்கிறான். அவர்கள் கொண்டாடும் பண்டிகைகளில் கலந்துகொள்கிறான். அவ்வாண்டின் நடுவே நம் பண்டிகையும் வருகிறது. அன்று அவன் என்ன செய்வது? அதற்கு அவனை ஆயத்தம் செய்ய வேண்டியவர் யார்? இவ்விரு வினாக்களே இப்பாடத்தின் பொருள்.

இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் நம் சமுதாயத்தின் அளவை எண்ணிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் தம்மை ஜைனர் எனப் பதிந்துகொண்டோர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேரே. வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய வணிகப் பெருமக்களையும் உள்ளடக்கிய தொகை இது. பெருஞ்சமுதாயத்தில் ஒரு வீட்டில் பண்டிகை நின்றுபோனால் பக்கத்து வீடு அதனை நினைவூட்டும். நமக்கோ பல ஊர்களில் பக்கத்து வீடு இல்லை. ஒரு பிள்ளை தன் வழக்கத்தின் காரணத்தை மறந்தால், அப்பிள்ளையின் மக்களுக்கு அதை எடுத்துரைப்பார் எவரும் இரார்.

பண்டிகையின் பொருள்

முதலில் நம் தீபாவளியின் பொருளைத் தெளிவுறுத்திக்கொள்வோம். பகவான் மகாவீரர் தம் 72-ஆம் வயதில், பாவாபுரியில், சதுர்த்தசி இரவின் இறுதியில் அமாவாசை விடியற்பொழுதில் வினைகள் யாவும் நீங்கி வீடுபேறு எய்தினார். மரபு அந்த ஆண்டைக் கி.மு. 527 எனக் கொள்கிறது. வீர நிர்வாண ஆண்டுக் கணக்கு அன்றுதொட்டே தொடங்குகிறது. 2024-ஆம் ஆண்டுத் தீபாவளியோடு பிறந்தது வீர நிர்வாண ஆண்டு 2551. வடநாட்டார் கார்த்திகை என்றும் நாம் ஐப்பசி என்றும் வழங்குவது மாதக் கணக்கின் வேறுபாடே, அமாவாசை ஒன்றுதான்.

அறிவொளி மறைந்தது, இனிப் புறவொளியேனும் ஏற்றுவோம் என்று அரசரும் மக்களும் விளக்கு வரிசை அமைத்தனர் என்பது வரலாறு. கி.பி. 783-இல் ஜினசேனர் இயற்றிய அரிவம்ச புராணம் இவ்விளக்கு விழாவைத் 'தீபாலிகா' என்னும் பெயராலேயே குறிக்கின்றது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெயர் நம் நூலில் பதிவாகியுள்ளது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

அந்நாளுக்கு மற்றொரு பகுதியும் உண்டு. விடியலில் பகவான் முக்தி பெற்றார். அதே நாளில் அவருடைய தலைமை மாணாக்கராகிய கௌதம கணதரர் கேவலஞானம் எய்தினார். ஆசிரியரின் நிறைவும் மாணாக்கரின் ஒளியும் ஒரே நாளில் நிகழ்ந்தன. சுவேதாம்பர மரபு இதனோடு ஒரு செய்தியையும் சேர்த்துக் கூறும். பகவான் முக்தியடைந்த வேளையில் கௌதமர் அருகில் இல்லை. ஒருவருக்கு அறம் உரைக்கும்பொருட்டு வேறோர் ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தார். செய்தி கேட்டுக் கலங்கியவர், ஆசிரியர்பால் தாம் கொண்டிருந்த பற்றே தமக்குத் தடையாக நின்றது என உணர்ந்து தெளிந்தார். அத்தெளிவிலேயே ஞானம் பிறந்தது என்பது அம்மரபின் கூற்று. நாம் திகம்பர நெறியினராயினும், இச்செய்தியில் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அருகில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று இந்நாள். தொலைவில் இருந்தவரும் அந்நாளின் ஒளியைப் பெற்றார்.

ஆகவே நம் தீபாவளியின் உயிர்நிலை புத்தாடையிலோ பலகாரத்திலோ வெடியிலோ இல்லை. பற்று நீக்கம், உயிர்களிடத்து அருள், அறிவு நாட்டம் ஆகிய மூன்றுமே அதன் உயிர்நிலை. இம்மூன்றையும் பெட்டியில் வைத்துக் கட்ட வேண்டுவதில்லை. சுங்கச் சாவடியில் காட்டவும் வேண்டுவதில்லை. இப்பாடம் கூற விரும்புவதும் இதுவே: காரணம் அறிந்தவனோடு பண்டிகையும் உடன் செல்லும், காரணம் அறியாதவனிடமிருந்து அது விமான நிலையத்திலேயே விடைபெற்றுக்கொள்ளும்.

பெரம்பலூர் தரும் பயிற்சி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வந்து வாழும் ஒரு சிராவகக் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களைப்போல் அடுத்தடுத்த ஊர்களில் ஜினாலயங்கள் இங்கே இல்லை. ஜெயங்கொண்டத்தில் காணப்படும் தீர்த்தங்கரர் திருவுருவம் ஒரு காலத்தில் இம்மண்ணிலும் நம் சமயம் தழைத்திருந்தமைக்குச் சான்றாகும். ஆயினும் இன்று விடியலில் எழுந்து நடந்து சென்று வழிபட்டு மீள அருகில் ஆலயம் கிடைப்பது அரிது. பண்டிகைக்குச் சொந்த ஊர் செல்ல இயலாத ஆண்டுகளில் இக்குடும்பத்தார் என்ன செய்கின்றனர்? கூடத்தில் பகவானின் திருவுருவப் படத்தை வைத்து, ஒரு விளக்கேற்றி, பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதி, குழந்தைகளுக்குப் பாவாபுரியின் வரலாற்றைக் கூறி, நாளை நிறைவு செய்கின்றனர்.

உணவிலும் அங்ஙனமே. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காய விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. செட்டிகுளத்தைச் சூழ்ந்த ஊர்களில் அறுவடைக் காலத்தில் எங்கு நோக்கினும் வெங்காயமே காட்சி தரும். அம்மண்ணில் இருந்துகொண்டே நோன்பு நாட்களில் அதனை விலக்கி உண்ணும் குடும்பத்தார், அயலாரை இகழ்வதும் இல்லை. தம் ஒழுக்கத்தைத் தளர்த்துவதும் இல்லை. பக்கத்து வீட்டார் அன்போடு அனுப்பும் குழம்பை, 'இன்று எங்களுக்கு நோன்பு, அம்மா. நாளை வாங்கிக்கொள்கிறோம்' என இன்சொல்லால் மறுக்கத் தெரிந்த தாயின் பிள்ளைக்கு, அயல்நாட்டு மேசையில் அமர்வது முற்றிலும் புதிய பயிற்சி ஆகாது. தாய் பெரம்பலூரில் செய்ததை அவன் இன்னும் சற்றுத் தொலைவில் செய்யப் போகிறான், அவ்வளவே.

முன் சென்றோர் இருவர்

இவ்வழியில் நமக்கு முன்னோடிகள் உளர். இருவரை இங்கு நினைவுகூர்வோம்.

1888-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது நிறையாத மோகன்தாஸ் காந்தி சட்டம் பயிலும்பொருட்டு லண்டன் செல்ல விரும்பினார். தாயார் அஞ்சினார். பெச்சார்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவியார் முன்னிலையில், மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என அவர் உறுதி பூண்ட பின்னரே விடை கிடைத்தது. லண்டனில் தொடக்க நாட்களில் அவர் பசியோடு கழித்த வேளைகள் பல. நண்பர்கள் வற்புறுத்தினர். அவரோ விரதம் ஒன்றையே பற்றிக்கொண்டு நின்றார். பின்னர் பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டார். அங்கே விற்பனைக்கிருந்த ஹென்றி சால்ட் என்பாரின் நூலை வாங்கிக் கற்றார். அதுவரை வாக்குக்குக் கட்டுப்பட்டுப் புலால் மறுத்தவர், அன்று முதல் அறிவால் தெளிந்து அதனை மறுத்தார். லண்டன் மரக்கறியாளர் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம் பெற்றார்.

இவ்வரலாற்றில் இரண்டு படிகள் இருப்பதை நோக்குக. முதற்படி விரதம், இரண்டாம் படி காரணம். காரணம் கைவரும் வரையில் அவரைத் தாங்கி நின்றது விரதம். காரணம் கைவந்த பின்னர் விரதம் சுமையாக இல்லாமல் தொண்டாக மலர்ந்தது. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். விரதம் மட்டும் தந்து அனுப்பினால் தனிமையில் அவர்கள் துன்புறுவர். காரணம் மட்டும் தந்து அனுப்பினால் முதற் சோதனையிலேயே வாதம் செய்யத் தொடங்கி வழுக்கி விழக்கூடும்.

இரண்டாமவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. குஜராத்தின் மஹுவாவில் 1864-இல் பிறந்தவர். 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 முதல் 27 வரை சிகாகோ நகரில் கூடிய உலகச் சமயப் பேரவைக்கு ஆசாரியர் விஜயானந்தசூரி அழைக்கப்பட்டார். துறவியர் கடற்பயணம் செய்தல் மரபன்று ஆதலின், அவர் சார்பில் வீர்சந்த் காந்தி சென்றார். அப்போது அவருக்கு வயது 29. அவ்வாண்டின் அமாவாசையைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். செப்டம்பர் 10 அமாவாசை. மறுநாள் பேரவைத் தொடக்கம். சுவேதாம்பரர்களின் பர்யூஷண நாட்களும், அவற்றைத் தொடர்ந்து வரும் நம் தசலக்ஷண நாட்களும் அப்பேரவை நாட்களோடு கலந்தே வந்தன. ஆண்டின் மிகப் புனிதமான நாட்களில் அவர் ஆலயமும் சங்கமும் இல்லாத ஊரில் இருந்தார். ஆயினும் அந்நாட்களில்தான் அஹிம்சை நெறியை உலகோர் அவையில் எடுத்துரைத்தார். அமெரிக்காவிலும் தம் உணவு ஒழுக்கத்தை விடாது காத்தார். 1901-இல் தம் 37-ஆம் வயதை எட்டு முன்னரே மறைந்த அவர், ஒழுக்கத்தைக் காத்தலும் பிறர்க்கு அதனை விளக்கலும் ஒன்றோடொன்று பொருந்துவன என்பதற்கு நமக்குச் சான்றாக நிற்கிறார்.

நாளும் திதியும்

அயல்நாட்டில் முதலில் எழும் ஐயம் நாள் பற்றியது. 'ஊரில் என்று தீபாவளியோ அன்றே எனக்கும்' என்று கூறிவிடுவது எளிது. ஆனால் எப்போதும் பொருந்துவதன்று. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தால் அமைவது. 12 பாகை விலகல் ஒரு திதி. அது தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகெங்கும் ஒன்றே. ஆனால் அக்கணத்தில் கடிகாரம் காட்டும் மணியும், விடியல் நேரமும் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

2024-ஆம் ஆண்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அமாவாசைத் திதி இந்திய நேரப்படி அக்டோபர் 31 பிற்பகல் 3.52 மணியளவில் தொடங்கி, நவம்பர் 1 மாலை 6.16 மணியளவில் முடிந்தது. ஆகவே பெரம்பலூரில் அமாவாசை விடியல் நவம்பர் 1. சிகாகோவில் அதே திதி அக்டோபர் 31 காலை 5.22-க்குத் தொடங்கி நவம்பர் 1 காலை 7.46-க்கு முடிந்தது, அங்கும் நவம்பர் 1 விடியலில் அமாவாசை சற்றே எஞ்சியிருந்தது. ஆனால் சான்பிரான்சிஸ்கோவில் நவம்பர் 1 காலை 5.46-க்கே திதி முடிந்துவிட்டது. சூரியன் எழுந்ததோ ஏழரை மணியளவில். அங்கே அமாவாசை விடியல் என்பது அக்டோபர் 31-தான். ஒரே நாட்டில் இரு நகரங்களுக்கு இரு வேறு நாட்கள்!

இதனால் மாணவன் குழப்பமுற வேண்டுவதில்லை. செல்லும் நகரத்துக்குரிய பஞ்சாங்கக் கணக்கைப் புறப்படுமுன்னரே குறித்துக்கொள்ளலாம். அல்லது அந்நகரில் உள்ள ஜைன மையத்தாரைக் கேட்டறியலாம். நம் குடும்பங்களில் பலர் சதுர்த்தசி விடியலில் ஊரோடு ஒத்துத் தீபாவளி கொண்டாடி, நிர்வாண வழிபாட்டை அமாவாசை விடியலில் நிகழ்த்துவர். தம் இல்ல வழக்கம் எது என்பதை மூத்தோரிடம் கேட்டுத் தெளிதல் இன்றியமையாதது.

மற்றொரு வசதியும் உண்டு. பெரம்பலூரில் விடியற்காலை ஐந்தரை மணி எனில் சிகாகோவில் அக்காலத்தில் முதல்நாள் மாலை ஏழு மணி. வீட்டார் விளக்கேற்றும் வேளையில் மாணவன் தொலைபேசி வழியே அதில் கலந்துகொள்ளலாம். பின்னர்த் தனக்குரிய விடியலில் தானே வழிபடலாம். திரையில் கண்டதே போதும் என்று அமைந்துவிடலாகாது. பிறர் உண்ணக் கண்டு நம் பசி ஆறுவதில்லை, வழிபாடும் அத்தகையதே.

உணவும் விழிப்பும்

அயல்நாட்டில் 'மரக்கறி' என்னும் சொல்லுக்குப் பொருள் இடத்துக்கு இடம் மாறும். முட்டையை மரக்கறியோடு சேர்ப்போர் பலர். மீனையும் சேர்ப்போர் சிலர். 1944-இல் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட 'வீகன்' என்னும் சொல் பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கிய உணவைக் குறிக்கும். தேனும் முட்டையும் விலக்குவது நம் நெறிக்கு உகந்தது ஆதலின், ஐயமுள்ள இடத்தில் அச்சொல்லைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பானது. எனினும் கிழங்கு, காளான், மது கலந்த சுவைநீர் முதலியன அதில் இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பனவற்றை அறிந்திருத்தல் வேண்டும். மிட்டாய்களிலும் கூழ் இனிப்புகளிலும் சேர்க்கப்படும் ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சில பாலாடைக் கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் ரென்னெட் சேர்கிறது. சிவப்பு நிறத்துக்காகச் சேர்க்கப்படும் கார்மைன் பூச்சியிலிருந்து பெறப்படுவது. ஐரோப்பியப் பொட்டலங்களில் அது 'இ 120' என்னும் குறியோடு காணப்படும். ஜப்பானில் காய்கறிச் சாறு என்று தருவதிலும் 'தாஷி' என்னும் மீன் வடிநீர் கலந்திருத்தல் கூடும். இவற்றின் பெயர்களை அந்நாட்டு மொழியில் ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளல் நலம்.

இரவுணவு தவிர்த்தலில் புதியதொரு நிலை எழும். தசலக்ஷண நாட்கள் வரும் செப்டம்பரில் லண்டன் நகரில் சூரியன் மறைவது மாலை ஏழு மணியளவில். நோன்பு காத்தல் எளிது. தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டுகளில் அந்நாளையொட்டி நாலரை மணியளவிலேயே இருள் சூழும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். பள்ளி விட்டு வீடு திரும்புமுன் பொழுது சாய்ந்துவிடும். அன்றாடம் இதனைக் காக்க இயலாத மாணவன் பண்டிகை நாளிலேனும், நோன்பு நாட்களிலேனும் காப்பது என வரையறை செய்துகொள்ளலாம். சக்திக்கேற்ப அளவு வகுத்து ஏற்பதே இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்தின் இயல்பு. தாங்க இயலாததை ஏற்று மறைவாக முறிப்பதினும், தாங்கக்கூடியதை ஏற்று முழுமையாகக் காப்பது மேல்.

வீட்டிலிருந்து பலகாரம் அனுப்ப விரும்பும் தாய்மாருக்கு ஒரு குறிப்பு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் விதை, தானியம், பால் கலந்த பண்டம் முதலியவற்றின் வரவில் மிகக் கண்டிப்பானவை. கொண்டுசெல்வதை மறைக்காது அறிவித்தல் கட்டாயம். மறைத்தால் தண்டம் உண்டு. பொய்யாமை காத்துப் பலகாரத்தை இழப்பது, பலகாரத்தைக் காத்துப் பொய்யுரைப்பதினும் நல்ல தீபாவளியாகும்.

விளக்கும் வழிபாடும்

மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் திறந்த சுடர் ஏற்ற இசைவு இல்லை. புகை எழுந்தால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். கட்டடம் முழுவதும் வெளியேற நேரிடும். ஆகவே விதியை மீறி விளக்கேற்றுதல் வேண்டா. நம் ஆசான்கள் வழிபாட்டைத் திரவிய பூஜை, பாவ பூஜை என இரு வகையாக வகுத்துள்ளனர். பொருள்களைக் கொண்டு செய்வது முன்னது. உள்ளத்தால் செய்வது பின்னது. பொருள் கிட்டாத இடத்தில் பாவ பூஜைக்குத் தடை ஏதும் இல்லை. ஒரு சிறு மின்விளக்கே போதும். அதுவும் இன்றேல் சாளரத்தின் வழியே வரும் விடியல் ஒளி போதும்.

மாணவன் பின்பற்றத்தக்க எளிய முறை ஒன்றைக் கீழே தருகிறோம்.

1. முதல்நாள் இரவே அறையைத் தூய்மை செய்து, மறுநாட் பாடங்களை முடித்து வைத்தல்.

2. விடியுமுன் எழுந்து நீராடித் தூய ஆடை அணிதல். எண்ணெய் முழுக்குக்கு வசதி இருப்பின் நன்று, இல்லையேல் குறையில்லை.

3. பகவானின் சிறு திருவுருவப் படத்தின் முன் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதுதல். ஒரு பிடி அரிசியும் ஒரு கனியும் கிடைப்பின் முன்னே வைத்தல்.

4. இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்தல். பள்ளி நேரம் இடம் தராவிடின் இயன்ற அளவு அமர்ந்து, எஞ்சியதை மாலையில் நிறைவு செய்தல்.

5. அடுத்த தீபாவளி வரையில் காக்கத்தக்க ஒரு சிறு விரதத்தை மனத்தால் ஏற்றுக் குறிப்பேட்டில் எழுதுதல்.

6. மாலையில் கௌதம கணதரரை நினைந்து, அறநூல் ஒன்றில் சில பக்கங்களேனும் கற்றல். மாணாக்கர் ஒளி பெற்ற நாள் அது. மாணவனுக்கு அதனினும் உரிய வழிபாடு வேறில்லை.

அருகில் ஜைன மையம் இருப்பின் சென்று கலந்துகொள்க. வட அமெரிக்க ஜைன சங்கங்களின் கூட்டமைப்பு 1981-இல் தோன்றியது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1988-இல் திறக்கப்பெற்ற ஜைன மையத்தில் திகம்பரர்க்கும் சுவேதாம்பரர்க்கும் ஒரே கூரையின்கீழ் வழிபாட்டிடங்கள் உண்டு. ஜப்பானின் கோபே நகரிலும் ஜினாலயம் உள்ளது. அங்கெல்லாம் ஒலிப்பது பெரும்பாலும் குஜராத்தியும் இந்தியுமே. தமிழ் பேசும் ஜைனன் ஒருவனைக் கண்டு அவர்கள் வியப்புறவும் கூடும். அவ்வியப்புக்கு விடையாக, இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழோடு வாழ்ந்த சமயம் இது என்று எடுத்துரைக்க நம் மாணவன் அறிந்திருத்தல் வேண்டும்.

விருந்தோம்பும் குடும்பத்தாரிடம்

பரிமாற்ற மாணவனை ஏற்ற குடும்பத்தார் அவனை மகிழ்விக்க விரும்புவர். நம் நெறியை அறியாமையால் அன்போடு தரும் உணவே சில வேளை இடராக அமையும். ஆகவே புறப்படுமுன்னரே ஒரு கடிதம் எழுதுதல் நலம். உண்ணாதவற்றை மட்டும் பட்டியலிட்டால் அவர்களுக்கு மலைப்பே எஞ்சும். உண்பனவற்றையும் சேர்த்து எழுதுக: சோறு, ரொட்டி, பருப்பு, பயறு, காய், கனி, பால், தயிர். இவ்வளவு இருப்பதைக் கண்டால் அவர்தம் கவலை தீரும்.

பண்டிகை நாளில் 'இன்று என்ன விழா?' என அவர்கள் வினவுவர். அப்போது மாணவன் நான்கே வாக்கியங்களில் விடை கூற ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். 'எங்கள் ஆசான் ஒருவர் பிறவித் தளையிலிருந்து விடுபட்ட நாள் இது. எவ்வுயிரையும் வருத்தாதீர் என்பது அவர் உபதேசம். அவருடைய அறிவொளியின் நினைவாக விளக்கேற்றுகிறோம். இன்று நான் ஏற்கும் ஒரு நல்லுறுதியே அவருக்கு நான் தரும் காணிக்கை.' இவ்வளவு போதும். நரகாசுரன் வரலாற்றைக் கூறும் இந்து நண்பனும் அவ்வூரில் இருப்பான். அவன் கூறுவது பொய் என வாதிடல் அனேகாந்தம் கற்றவர்க்கு அழகன்று. ஒரே நாளை இரு மரபினர் இரு காரணங்களால் போற்றுகின்றனர் என்று கூறுவதே முறை.

அவர்தம் விழாக்களில் மாணவனும் கலந்துகொள்ளலாம். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனன்று நன்றியறிதல் நாள். வான்கோழி உணவே அன்று நடுநாயகம். மேசையை விட்டு அகலாமல் அமர்ந்து, தனக்குரியதை உண்டு, தன் நன்றியையும் கூறி எழலாம். முதல்நாளே ஒரு காய்கறி உணவைத் தானே சமைத்து மேசையில் சேர்ப்பானாயின் இன்னும் சிறப்பு.

விடுமுறை பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தீபாவளி பொது விடுமுறை. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளுக்கு 2024 நவம்பர் 1 அன்று முதன்முறையாகத் தீபாவளி விடுமுறை விடப்பட்டது. பிற இடங்களில் அன்று வகுப்பு இருக்கலாம், தேர்வும் இருக்கலாம். பள்ளி செல்வதால் பண்டிகை குறைவதில்லை. விடியலில் வழிபட்டவன் தேர்வெழுதச் செல்வதும் அந்நாளுக்குரிய ஞான வழிபாடே.

பெற்றோர் கடமை

இதுகாறும் மாணவனை நோக்கிக் கூறினோம். எனினும் இப்பாடத்தின் பெரும்பகுதி பெற்றோர்க்கே உரியது. பயணச்சீட்டுக்கும் குளிராடைக்கும் பல மாதங்கள் முன்னரே திட்டமிடுகிறோம். தீபாவளியின் காரணத்தைக் கூற ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினோமா? 'நம் வழக்கம் இது' என்னும் விடை நம் வீட்டுக்குள் செல்லும். அயல்நாட்டு மேசையில் அது செல்லாது. அங்கே 'ஏன்?' என்று கேட்பர். அவ்வினாவை முதன்முதலில் அந்நியர் வாயால் கேட்கும் பிள்ளை திகைப்பான். வீட்டிலேயே கேட்டுப் பழகியவன் புன்னகையோடு விடை கூறுவான்.

மற்றொன்றும் கூறுவோம். தொலைபேசியில் அழைக்குந்தோறும் 'என்ன உண்டாய்? அதை உண்ணவில்லையே?' என்று மட்டும் வினவும் பெற்றோர்க்கு நாளடைவில் உண்மை கிட்டாது. அறியாது ஒரு பண்டத்தை உண்டுவிட்ட பிள்ளை, கண்டிப்புக்கு அஞ்சி மறைப்பான். ஒருமுறை மறைத்தவனுக்கு இரண்டாம் முறை எளிதாகும். மூன்றாம் முறை விரதமே இராது. நம் சமயம் தவற்றுக்கு வாயில் அடைக்கவில்லை. பிரதிக்கிரமணம் என்னும் வழியைத் திறந்து வைத்துள்ளது. நிகழ்ந்ததை உணர்ந்து, வருந்தி, மீண்டும் நெறியில் நிற்பதே அது. தசலக்ஷணத்தின் நிறைவில் பொறுத்தருள வேண்டி ஒருவரையொருவர் வணங்கும் க்ஷமாவணி நாளில், பெற்றோரே முதலில் பிள்ளையை அழைத்து, 'உன் மனம் நோக ஏதேனும் கூறியிருப்பின் பொறுத்துக்கொள், அப்பா' எனக் கூறிப் பாருங்கள். மறுமுனையில் பிள்ளையின் நாவும் திறக்கும். மறைக்க வேண்டுவது ஒன்றும் இல்லாத பிள்ளையே நெறியில் நிலைத்து நிற்பான்.

ஓராண்டு கழிந்து பிள்ளை பெரம்பலூர் திரும்புவான். அடுத்த தீபாவளியன்று கூடத்தில் வீட்டார் அனைவரும் அமர்ந்திருக்க, தம்பி தங்கையர்க்குப் பாவாபுரி வரலாற்றைக் கூறும் பொறுப்பை அவனிடமே ஒப்படையுங்கள். தனித்திருந்து ஒருமுறை அப்பண்டிகையைக் காத்தவன் கூறும்போது, அது மனப்பாடமாக ஒலிக்காது. அவர்களும் கேட்டு, தமக்கு அடுத்து வருவோர்க்கு உரைப்பர்.

குடும்பத்தார் கூடிச் சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. நம் இல்லத்தில் தீபாவளியின் காரணத்தை நான்கு வாக்கியங்களில் கூற வல்லவர் யாவர்?

2. விரதம், காரணம் என்னும் இரண்டில் நம் பிள்ளைகளுக்கு இதுவரை எதனை மிகுதியாகத் தந்துள்ளோம்?

3. ஆலயம் அருகில் இல்லாத ஊரில் நாம் கைக்கொள்ளும் வழிபாட்டு முறை யாது? அதனைப் பிள்ளைகள் தனித்துச் செய்ய அறிவரா?

4. நிர்வாண வழிபாட்டை நம் குடும்பம் எத்திதியில், எவ்வேளையில் செய்கிறது? அதனை எழுதி வைத்துள்ளோமா?

5. பிள்ளை தவறு செய்தால் நம்மிடம் அஞ்சாது கூறும் நிலையில் நம் வீடு உள்ளதா?

அருகன் அருளிய அறம் எங்கும் தழைக்க! ஜெய ஜினேந்திரா!